அரசுப் பள்ளிப் பணியாளர் நலத்திட்டத்தை ஒன்றிய அளவில் தொடங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழ்நாட்டில் ஓர் ஒன்றியத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். எங்கள் ஒன்றியத்தின் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வேலை செய்பவர்களின் உடல்நலத்துக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினோம். அதைக் கேள்விப்பட்டு பக்கத்து ஒன்றியங்களிலிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். மருத்துவம் சம்பந்தப்பட்ட பதில்களை எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்ட பிறகே சேர்த்தேன்.

நலத்திட்டம்னா என்ன டீச்சர்? வாரம் ஒருநாள் யோகா வைக்கிறதா?

யோகாவும் வைக்கலாம், தவறில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். பள்ளியில் வேலை செய்வதால் உடம்புக்கும் மனதுக்கும் என்னென்ன கெடுதல் வருகிறது என்று பார்த்து, அதைக் குறைக்க ஒன்றியம் முழுவதும் சேர்ந்து எடுக்கிற முயற்சிதான் நலத்திட்டம். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களை நேரத்தில் கண்டுபிடித்து, சிகிச்சை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அதன் இரண்டாவது பாதி.

முதல் பாதியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒரு முகாம் நடத்துவார்கள், பேனர் கட்டிப் படம் எடுப்பார்கள். அடுத்த நாள் அதே ஆசிரியர் அதே தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் பாடம் நடத்துவார். அந்த நாளை மாற்றாமல் முகாம் மட்டும் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

யார் யாரைச் சேர்க்கணும்? ஆசிரியர்கள் மட்டும் போதாதா?

போதாது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், காலை உணவு சமைக்க வரும் பெண்கள், தூய்மைப் பணியாளர், பகுதிநேர ஆசிரியர்கள், தற்காலிக ஆசிரியர்கள், இரவுக் காவலர், வட்டார வள மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என எல்லாரும் பட்டியலில் இருக்க வேண்டும். சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்று பார்க்கவே கூடாது.

எங்கள் முதல் முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். மதியம் ஒரு மணிக்கு மேசையை மடக்கும் நேரம். சத்துணவு சமையலர் ஒருவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வாசல்படியிலேயே நின்று, "எங்களுக்கும் பாப்பீங்களாம்மா?" என்று கேட்டார். உட்கார வைத்துப் பார்த்தோம். ரத்த அழுத்தம் 180-க்கு 110. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். தலை கனமாக இருப்பதை அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அண்டா தூக்கியிருக்கிறார். அவர் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. அடுத்த முகாமிலிருந்து சமையலறையில் இருப்பவர்களைத்தான் முதலில் பார்க்கிறோம், அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே.

பணம் எங்கிருந்து வரும்? எங்க ஒன்றியத்துல ஒரு ரூபா கூட இல்ல.

தொடங்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. 30 வயது கடந்த எல்லாருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பது அரசு சுகாதாரத் துறையின் வழக்கமான வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆரம்பகட்டப் பரிசோதனையும் அங்கேயே உண்டு. நாம் தனியாக எதையும் வாங்கப் போவதில்லை, ஏற்கெனவே இருக்கிற சேவையையும் நம் ஆட்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கிறோம். அவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதில் பெரிய உதவி. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மேலே சொன்ன சமையலர் மாத்திரைக்காக அரை நாள் விடுப்பு எடுக்க முடியாது. மாத்திரை அவர் வாசலுக்கு வருவதால்தான் விடாமல் சாப்பிடுகிறார்.

காசு கேட்கும் விஷயங்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய், கையடக்க ஒலிபெருக்கி போன்றவை. அவற்றுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும், முன்னாள் மாணவர்களிடமும், ஊராட்சியிடமும் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "நலத்திட்டத்துக்கு நிதி" என்றால் யாரும் தரமாட்டார்கள். "பெண் ஆசிரியர்கள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாளும் ஒரு விளக்கும்" என்றால் அன்றைக்கே கிடைத்துவிடும்.

எங்களுக்குத்தான் என்.எச்.ஐ.எஸ். பிடிக்கிறாங்களே, அப்புறம் இது எதுக்கு?

அரசு ஊழியர் உடல்நலக் காப்பீட்டில் மாதச் சந்தா பிடிப்பது எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் 300 ரூபாய், நான்கு ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட கடுமையான சிகிச்சைகளுக்கு 10 லட்சம் என்று வைத்தார்கள். ஆனால் அது மருத்துவமனையில் படுத்த பிறகு கைகொடுக்கும் காப்பீடு. தொண்டை கட்டியதற்கும், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் அதில் வழியில்லை. படுக்கும் நிலை வராமல் பார்ப்பது நம் வேலை.

அந்தக் காப்பீட்டுக்குள் வராத பணியாளர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு ஒருநாள் ஒதுக்கி, ஒரு ஆசிரியரைக் கூட அனுப்புங்கள். தகுதி இருந்தும் அட்டை வாங்காமல் இருக்கும் தூய்மைப் பணியாளர்களை உங்கள் பள்ளியிலேயே பார்ப்பீர்கள்.

முதல்ல யாரைப் போய்ப் பார்க்கணும்?

வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், இருவரையும் ஒரே வாரத்தில் பாருங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: எத்தனை பள்ளிகள், எத்தனை பேர், எந்தக் குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்), எந்த நாள். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. கடிதத்தில் "பணியாளர் விருப்பத்தின் பேரில்" என்ற சொல்லும், "முடிவுகள் கல்வித் துறைக்கு அளிக்கப்படமாட்டா" என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆசிரியர் சங்கங்களையும் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள். எல்லாச் சங்கங்களையும். ஒன்றை விட்டால் திட்டம் ஒரு தரப்பின் திட்டம் ஆகிவிடும்.

முதல் கூட்டத்துல என்ன பேசறது? டாக்டரைக் கூப்பிட்டு உரை வைக்கலாமா?

உரை பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். பெயர் வேண்டாம், பள்ளி வேண்டாம். மூன்று கேள்விகள்: பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும்போது உடம்பில் எங்கே வலிக்கிறது? வேலைநேரத்தில் உங்களுக்கு அதிகத் தொல்லை தருவது எது? ஒன்றே ஒன்றை மாற்ற முடியும் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்? எழுத வராதவர்களுக்கு இன்னொரு பணியாளர் எழுதித் தரட்டும், தலைமை ஆசிரியர் எழுத வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் சர்க்கரை, கொழுப்பு என்றெல்லாம் எழுதி வரும் என்று நினைத்திருந்தேன். தாள்களைப் பிரித்துப் பார்த்தால் தொண்டை, கால், இடுப்பு, கழிப்பறை, எமிஸ் பதிவு (பள்ளி, மாணவர் விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும் வேலை). திரும்பத் திரும்ப இந்த ஐந்தும்தான். ஒரு தாளில், "ஒருநாளாவது மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து முழுசா சாப்பிடணும்" என்று மட்டும் இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் திட்டத்தின் வரிசையே மாறிப்போனது.

கழிப்பறைப் பிரச்சனையெல்லாம் நலத்திட்டமா மேடம்? அது கட்டடப் பிரச்சனை இல்லையா?

என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் நலத்திட்டம். காலை ஏழு மணிப் பேருந்துக்குக் கிளம்பும் ஒரு பெண் ஆசிரியர் மாலை ஐந்தரைக்கு வீடு திரும்புகிறார். பள்ளியில் அவர் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு பள்ளிப் பார்வை முடிந்து அப்படி ஒருவருடன் பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். அவர் பையின் பக்க உறையில் இருந்த ஒரு லிட்டர் பாட்டில் மாலையிலும் கழுத்துவரை நிறைந்திருந்தது. அந்த ஆண்டு மூன்று முறை சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சாப்பிட்டதாகச் சொன்னார். தண்ணீர் குறைந்தால் தொற்று வருகிறது, கல் வருகிறது, தலை வலிக்கிறது, தொண்டையும் காய்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ஒன்றியத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள்: பணியாளருக்குத் தனிக் கழிப்பறை உண்டா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கினைப் போடுவதற்கு மூடிய தொட்டி இருக்கிறதா. "இல்லை" என்ற பதில்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். இரண்டு ஆசிரியர் பள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் வெளியே போனால் வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை. காலை இடைவேளையும் மாலை இடைவேளையும் இருவருக்கும் முழுதாகக் கிடைக்கும்படி மேற்பார்வையை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

சாயங்காலமானா குரலே வரமாட்டேங்குது. வெந்நீர் குடிச்சா போதுமா?

வெந்நீர் இதமாக இருக்கும், ஆனால் காரணத்தை நீக்காது. அறுபது பிள்ளைகள் இரண்டு வகுப்பாக ஒரே அறையில், மேலே ஓடும் மின்விசிறி, பக்கத்தில் சாலை, இத்தனைக்கும் மேலே குரலை எழுப்புகிறோம். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் (மேலே சொன்ன கழிப்பறையைச் சரிசெய்யாமல் இதைச் சொல்வதில் பயனில்லை). தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யாதீர்கள். வகுப்பை அமைதிப்படுத்தக் கத்துவதற்குப் பதில் கைதட்டல், மணி, கையை உயர்த்துதல் என்று ஓர் அடையாளம் பழக்குங்கள். எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டம்) வகுப்புகளில் பாட்டும் கதையும் நாள் முழுக்க இருப்பதால், அடுத்தடுத்த பாடவேளைகளில் குரல் வேலையை வைக்காமல் இடையில் எழுத்து வேலையைக் கொடுங்கள்.

இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியை முயன்று பாருங்கள். குரல் கெட்ட ஆசிரியர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குரலைக் காக்கும் அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒலிபெருக்கி மாட்டியவர்களுக்குக் குரல் தொல்லை குறைந்தது. நாங்கள் குறுவள மையத்துக்கு இரண்டு வாங்கி, தேவைப்படும் பள்ளிக்கு மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுக்கிறோம். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

நாள் முழுக்க நின்னு கால் நரம்பு சுருட்டிக்கிச்சு. உட்கார்ந்து பாடம் நடத்தினா அதிகாரி திட்டறாங்க.

பிள்ளைகள் எழுதும் நேரத்தில் ஆசிரியர் உட்காருவது கடமை தவறுவது ஆகாது. இதை வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டத்தில் வாய்திறந்து ஒருமுறை சொன்னால் போதும், நாங்கள் அப்படித்தான் சொல்ல வைத்தோம். மற்றபடி ஒரே இடத்தில் நிற்காமல் வகுப்புக்குள் நடப்பது, இடைவேளையில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, வீட்டில் காலை உயர்த்தி வைப்பது எல்லாம் உதவும். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

பரிசோதனை முகாமை எப்படி நடத்தறது? போன தடவை ஒரே குழப்பம்.

குறுவள மையப் பயிற்சி நாளில் வையுங்கள், எல்லாரும் எப்படியும் வருவார்கள். சர்க்கரையை வெறும் வயிற்றில் பார்ப்பதென்றால் எட்டரைக்கே மேசை தயாராக இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்த உடனே சாப்பிட இட்லியோ பொங்கலோ அங்கேயே இருக்கட்டும். பத்தரை மணிவரை பட்டினி போட்டால் சிலர் மயங்கி விழுவார்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முந்தின நாளே மருத்துவரிடம் கேட்டுத் தெரிவித்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. பேருந்திலிருந்து ஓடிவந்தவரை அப்படியே பிடித்து உட்கார வைத்துப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி, டீ குடித்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இரண்டு முறை பாருங்கள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறொரு நாளும் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு சொல்வார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும் இருந்தாலும் மறுபரிசோதனை உண்டு. இடுப்புச் சுற்றளவையும் அளந்து கொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது இந்தியர்களுக்குச் சொல்லும் எல்லை.

முகாம் முடிந்ததும் திட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அளவு கூடியிருந்தவர் இரண்டு வாரத்தில் மருத்துவரைப் பார்த்தாரா, மூன்று மாதம் கழித்தும் மாத்திரை எடுக்கிறாரா என்று சுகாதாரச் செவிலியர் விசாரிக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லை என்றால் முகாமையே தள்ளிப்போடுங்கள்.

எனக்கு சுகர்னு தெரிஞ்சா ஹெச்.எம்.முக்கும் தெரிஞ்சிடுமே. யார் யாருக்கெல்லாம் போகும்?

யாருக்கும் போகக் கூடாது. முடிவு எழுதிய சீட்டு உங்கள் கைக்கு வரும், சுகாதார நிலையப் பதிவில் இருக்கும். கல்வித் துறைக்கு எண்ணிக்கை மட்டும், அதுவும் ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்து. பள்ளிவாரியாகக் கூட வேண்டாம். மூன்று பேர் வேலை செய்யும் பள்ளியில் "ஒருவருக்குச் சர்க்கரை" என்று எழுதினால் அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எங்கள் இரண்டாவது முகாமில் ஒரு தவறு நடந்தது. பதிவு செய்ய உட்கார்ந்த ஒருவர், வேலை சுலபமாகட்டும் என்று பெயரும் அளவுகளும் உள்ள தாளைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. பத்து நிமிடத்தில் அழிக்க வைத்தோம். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். ஓர் இளம் ஆசிரியைக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதற்குப் பிறகு எந்த முகாமுக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் அம்மா காபி கொடுத்தார், ஆனால் அந்த ஆசிரியை அறையை விட்டு வரவில்லை. கடிதத்தில் அந்த ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னது இதனால்தான். இப்போது பதிவு மேசையில் கல்வித் துறையைச் சேர்ந்தவர் யாரும் உட்காருவதில்லை, பக்கத்தில் கைபேசியும் வைப்பதில்லை.

டெஸ்டே வேணாம்னு சொல்றவங்களை என்ன பண்றது? கட்டாயம் ஆக்கலாமா?

கூடாது. வற்புறுத்தி ரத்தம் எடுத்தால் அடுத்த முறை பத்துப் பேர் விடுப்பு போடுவார்கள். வராதவர் பட்டியல் எழுதாதீர்கள், கூட்டத்தில் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பலர் பயத்தில்தான் தள்ளிப்போடுகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையில் விரல் எடுத்ததைப் பார்த்தவருக்கு அந்தப் பயம் நியாயமானது. பள்ளியில் பார்த்துக்கொள்ளப் பிடிக்கவில்லை என்றால், வேறு ஊர் சுகாதார நிலையத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

எடை குறைச்சவங்களுக்குப் பரிசு, அதிகம் நடந்தவங்களுக்குச் சான்றிதழ் — இப்படிப் போட்டி வைக்கலாமா?

எடைப் போட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தைராய்டு உள்ளவர், பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆனவர், மனநல மாத்திரை எடுப்பவர் எல்லாரும் அதில் எல்லார் முன்னாலும் தோற்பார்கள். சிலர் பட்டினி கிடந்து ஜெயிப்பார்கள். மேலும் எடையை எழுதி ஒட்டுவது, சற்றுமுன் சொன்ன ரகசியத்தை நாமே உடைப்பது போல.

நடையை விரும்புகிறவர்கள் சேர்ந்து நடக்கட்டும். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று பெருக்கிய தூய்மைப் பணியாளரிடம் மட்டும் போய் நடக்கச் சொல்லாதீர்கள். அவருக்குத் தேவை உட்கார ஒரு நாற்காலியும் நீளப் பிடி போட்ட துடைப்பமும்.

சாப்பாட்டு விஷயத்துல என்ன சொல்லலாம்?

காலை உணவைத் தவிர்க்காமல் இருப்பதும், மதியம் உட்கார்ந்து சாப்பிடுவதும் முதல் படி. உப்பு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. கூட்டங்களில் பஜ்ஜி, இனிப்புக்குப் பதில் சுண்டலும் சர்க்கரை குறைந்த டீயும் வைத்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல வகுப்புல திடீர்னு வேர்க்குது, கோபம் வருது. இதை ஆம்பளை ஹெச்.எம். கிட்ட எப்படிச் சொல்றது?

சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீரென்று சூடாவது, தூக்கமின்மை, மனம் ஒருநிலையில் இல்லாமல் போவது பலருக்கும் உண்டு, சிகிச்சையும் உண்டு. அதிக ரத்தப்போக்கால் ரத்தசோகை வந்து, அதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே நொந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டால் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். பெண் பணியாளர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பெண் மருத்துவரோடு ஓர் அமர்வு வையுங்கள். எங்கள் கூட்டங்களிலேயே அதிக நேரம் நீண்டது அதுதான்.

மனசு சரியில்லைன்னு சொன்னா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க. நிஜமா பேச வழி இருக்கா?

இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே வெறுப்பாக இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சமாளித்துக்கொண்டிருக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிமிடமே அழையுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. நலத்திட்டத்தில் நாம் செய்யக்கூடியது: அந்த எண்ணை ஆசிரியர் ஓய்வறையிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுவது. உள்பக்கம் ஒட்டினால் குறித்துக்கொள்வதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மேலே இருக்கிறவங்க வேலையைக் குறைக்காம, எங்களை மூச்சுப்பயிற்சி பண்ணச் சொன்னா என்ன நியாயம்?

நியாயம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு "நாளை காலை ஒன்பதுக்குள் பதிவேற்றவும்" என்று செய்தி வந்தால் எந்த மூச்சுப்பயிற்சியும் உதவாது. எமிஸ் பதிவை முழுசாக நீக்குவது ஒன்றியத்தின் கையில் இல்லை, அதை மாநில அளவில்தான் கேட்க வேண்டும். ஒன்றியத்தால் முடிந்தது சில உண்டு. இரவு ஏழு மணிக்கு மேல் குழுவில் உத்தரவு போடுவதில்லை என்று முடிவு செய்யலாம். ஒரே விவரத்தை இரண்டு படிவத்தில் கேட்பதை நிறுத்தலாம். பதிவுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கலாம். எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் ஏழு மணி விதியை ஏற்றுக்கொண்டார். தேர்தல், வெள்ளம் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு.

பணியிடத்தில் பாலியல் தொல்லையோ அவமதிப்போ இருந்தால் அது நலத்திட்டத்தில் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய பள்ளியாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம்.

இதெல்லாம் நிஜமாவே பலன் தருதா? ஆய்வு ஏதாவது இருக்கா?

நேர்மையாகச் சொல்கிறேன். வழக்கமான பாணியில் நடத்தும் திட்டங்களைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரிய பலனைக் காட்டவில்லை. அமெரிக்காவில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. ஒன்றரை ஆண்டு கழித்து, உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்திய ஆய்விலும் இதே மாதிரிதான். சேர வந்தவர்களில் பலர் முன்பே ஆரோக்கியமாக இருந்தவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மனம் சோர்ந்தது. பிறகு யோசித்தேன். அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஊழியரின் பழக்கத்தை மாற்றச் சொல்லிக் கொடுத்தவை. தாழ்ப்பாள், குழாய், நாற்காலி, ஒலிபெருக்கி, ஏழு மணி விதி ஆகியவை வேலை நடக்கும் இடத்தையே மாற்றுபவை. தெரியாமலிருந்த அழுத்தத்தைக் கண்டுபிடித்து மாத்திரை தொடர்ந்து கிடைக்கச் செய்வதும் வேறு வகை. ஆகவே அதிகாரியிடம் "செலவு குறையும், விடுப்பு குறையும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எத்தனை பள்ளியில் கழிப்பறை சரியானது, அளவு கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்.

பள்ளி நேரத்துல இதையெல்லாம் நடத்தினா பெற்றோர் கேக்க மாட்டாங்களா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அதனால்தான் பயிற்சி நாளில் வைக்கச் சொன்னேன். பாடவேளையை எடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிர்ப்பு வருவதில்லை. எங்கள் ஊரில் ஒரு தாய், "டீச்சருக்குத் தொண்டை போனா எம்புள்ளைக்குத்தானே பாடம் போகும்" என்று சொல்லிக் குழுவிலேயே ஒலிபெருக்கிக்கு முதல் நூறு ரூபாயைக் கொடுத்தார்.

இப்போ இருக்கிற அதிகாரி ஆர்வமா இருக்கார். அவர் மாறிட்டா?

மாறுவார், நானும் மாறுவேன். அதனால் திட்டத்தை ஒரு ஆளிடம் வைக்காதீர்கள். குறுவள மையத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் ஆசிரியர் அல்லாத பணியாளர் என்று பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டின் நாட்களை ஜூன் மாதமே நாட்காட்டியில் குறித்து, கல்வி அலுவலகம், சுகாதார நிலையம் இரண்டின் கோப்பிலும் வையுங்கள். புதிதாக வரும் அதிகாரிக்கு முதல் வாரத்திலேயே கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாராக இருக்கட்டும்: என்ன செய்தோம், என்ன பாக்கி, அடுத்த நாள் எது. எங்களிடம் அது ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. இப்போது அதை வைத்திருப்பவர், முதல் முகாமில் வாசல்படியில் நின்ற அந்தச் சமையலர். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதித் தருகிறாள். அடுத்த பக்கத்தில் ஏழு பள்ளிகளின் பெயர் இருக்கிறது, ஏழிலும் இன்னும் பணியாளர் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை.